ஏற்கனவே ஒண்ணு ஓடுது

எங்கள் ஷூ கம்பெனியில் இப்போது சென்னையிலிருந்து வாங்கி வந்த சாஃப்ட்வேர் ஓடுகிறது. ஒரு தடவை தட்டினால் திரையில் ஒரு ஜன்னல் திறக்கும். அவசரத்தில் நாலு தடவை தட்டிவிட்டால் நாலு ஜன்னல் திறந்துகொண்டு நாலும் நம்மையே பார்க்கும். என் மருமகள் அமுதா அங்கே பேக்கிங்கில் இருக்கிறாள். சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றும்போதே, "அந்தம்மா மட்டும் இதைப் பார்த்தாங்கன்னா மயக்கம் போட்டு விழுந்துடுவாங்க அத்தை," என்பாள். எந்தம்மா என்று நான் கேட்பதில்லை. எங்கள் வீட்டில் அந்தம்மா என்றால் ஒரே ஆள்தான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நேரில் "கம்ப்யூட்டர் மேடம்". முதுகுக்குப் பின்னால், தோல் வெட்டுகிற கட்டிங்கிலிருந்து பெட்டி கட்டுகிற பேக்கிங் வரை எல்லாருக்கும் அவர் "ஒண்ணு ஓடுது". இந்தப் பட்டப்பெயரை வைத்தது யார் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் கையை நீட்டுவார்கள். பாதிக் கைகள் என் பக்கம்தான் நீளும். நான் அந்த ஆபீசில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். டீ போடுகிறவளுக்கு வாய் சும்மா இருக்குமா?

நான் சேர்ந்த புதிது. சித்திரை வெயில், அதிலும் ஆம்பூர் வெயில். அவர் அறையில் இரண்டு ஃபேன். ஒன்று சுற்றுகிறது, இன்னொன்று சும்மா தொங்குகிறது. டீயை வைத்துவிட்டு, பாவம் வேர்க்கிறதே என்று இரண்டாவது ஸ்விட்சைத் தட்டினேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"ஆயா, ஏற்கனவே ஒண்ணு ஓடுது."

"அதுல காத்து கம்மி மேடம்."

"கம்மியா இருந்தா அதையே ஜாஸ்தி வெச்சிடுங்க. எதுக்கு இன்னொண்ணு?"

ஜாஸ்தி வைக்கப் போனேன். அது முதலிலிருந்தே ஜாஸ்தியில்தான் இருந்தது. அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் நெற்றியில் வேர்வை வழிந்து மூக்கு நுனியில் நின்றது. அந்தச் சொட்டு விழுந்த பிறகுதான் அடுத்த சொட்டு வந்தது. சரி, உடம்பும் சொன்ன பேச்சு கேட்கிறது என்று வெளியே வந்துவிட்டேன்.

எதிலும் இப்படித்தான். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் ஒரே பேனா. அதில் மை தீர்கிற வரைக்கும் இன்னொன்றைத் தொட மாட்டார். சின்ன முதலாளி வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்து கொடுத்த பேனா மேசை டிராயரில் வாய்ப்புக்காகக் காத்துக் கிடந்து, காய்ந்தே போனது. மதியம் சாப்பாட்டில் குழம்பு சாதம் முடியும் வரை பொரியல் பக்கம் கை போகாது. கேன்டீனில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருக்க மூன்றாவது ஆள் வாயைத் திறந்தால், தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "ஏற்கனவே ஒண்ணு ஓடுது," என்பார். சண்டை போடுகிறவர்களே சிரித்துவிடுவார்கள். அப்புறம் எப்படிச் சண்டை போடுவது?

இந்த வார்த்தை மெல்ல கம்பெனி முழுக்கப் பரவியது. தோல் ஏற்றி வரும் லாரி டிரைவர் ஒருத்தன் தையலில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அவன் பெண்டாட்டி சோறு கொடுக்க வந்தவள், கேட்டில் நின்றே, "யோவ், வீட்ல ஏற்கனவே ஒண்ணு ஓடுதுய்யா!" என்று ஒரு சத்தம் போட்டாள். மெஷின்கள் எல்லாம் நின்று போயின. அன்று தைத்த ஷூக்களில் எத்தனை கோணலாகப் போனதோ, நான் அறியேன்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பதைத் தாண்டியிருப்பார். காட்பாடியிலிருந்து தினம் ரயிலில் வந்து போவார். ஒரு நாள் டீ டம்ளரைக் கழுவ எடுக்கும்போது கேட்டேவிட்டேன்.

"ஏன் மேடம், ஒரு துணை வேணாமா?"

"வீட்ல ஏற்கனவே ஒருத்தி இருக்கா ஆயா."

"யாரு, தங்கச்சியா?"

"நான்தான்."

டம்ளரை எடுத்துக்கொண்டு வந்தேன்.

இதெல்லாம் அவரோடு போச்சு. பேஜாரே அவர் எங்களுக்குப் போட்ட சட்டம்தான். ஒரு ஆள் அவர் முன்னால் நிற்கும்போது இன்னொரு ஆள் வந்தால் காது கொடுக்க மாட்டார். திருப்பியும் அனுப்ப மாட்டார். பின்னால் வந்தவர், தான் கொண்டுவந்த சேதியை முன்னால் நிற்பவரிடம் சொல்லிவிட்டுப் போய்விட வேண்டும். முன்னால் நிற்பவர் எல்லாவற்றையும் சேர்த்து மேடத்திடம் சொல்ல வேண்டும்.

ஒரு நாள் நான் டீத்தட்டோடு நிற்கிறேன். பின்னாலேயே கட்டிங் சூப்பர்வைசர் ரஃபீக் பாய் ஓடி வந்தார்.

"மேடம், எங்க ப்ரிண்டர் பேப்பரைக் கடிக்குது."

"ஆயா முதல்ல வந்தாங்க. அவங்ககிட்ட சொல்லிட்டு போங்க பாய்."

"நான் இன்னா டீயா கேட்டேன், ஆயாகிட்ட சொல்றதுக்கு?"

"அவங்க என்கிட்ட சொல்லுவாங்க. ரெண்டு பேர் பேசினா ரெண்டுமே என் மண்டையில நிக்காது."

பாய் பல்லைக் கடித்துக்கொண்டு என் காதில் சொன்னார். அவர் போவதற்குள் ஸ்டோர் ஆள் வந்தான். ஸ்கேனர் கீச்சென்று சத்தமே போடவில்லையாம். என்னிடம் சொன்னான். அப்புறம் ஹெச்.ஆர். சார். வருகைப் பட்டியலில் ஒருத்தர் பெயரே காணோமாம். அவரும் என்னிடம். டீயில் ஏடு கட்டிவிட்டது. மேடம் ஒருவழியாகத் தலையைத் தூக்கி, "சொல்லுங்க ஆயா," என்றார்.

"ப்ரிண்டர் சத்தம் போட மாட்டேங்குது. ஸ்கேனரு பேப்பரைக் கடிக்குது. அப்புறம் ஹெச்.ஆர். சாரைக் காணோம்."

"ஸ்கேனர் எப்படி ஆயா பேப்பரைக் கடிக்கும்?"

"பசிச்சா கடிக்காதா? நான்கூட காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல."

அவர் சிரிக்கவில்லை. எழுந்து போய் எல்லாவற்றையும் வரிசையாகச் சரிசெய்துவிட்டு வந்தார். ரஃபீக் பாய்தான் விடவில்லை. மறுநாள் எனக்கு முன்னாலேயே வந்து மேடத்தின் எதிரே நின்றுகொண்டார். நான் ஆவி பறக்கும் டம்ளரோடு அவர் பின்னால். மேடம் கை நீட்டினால் எட்டும் தூரம்தான். சட்டம் சட்டம்தானே?

"பாய்," என்றேன், "டீ கொண்டாந்திருக்கேன்னு மேடத்துகிட்ட சொல்லுங்க."

பாய் கடமையோடு திரும்பி, "மேடம், ஆயா டீ கொண்டாந்திருக்காங்களாம்," என்றார்.

"வெச்சிட்டு போகச் சொல்லுங்க."

"வெச்சிட்டு போகணுமாம் ஆயா."

இப்படிக் கம்பெனியே வாய் வலிக்க சேதி கடத்திக்கொண்டிருந்தது. அவர் எழுதிய ப்ரோக்ராமும் அவரைப் போலவே என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பேக்கிங்கில் ஷூப்பெட்டிகளைப் பெரிய அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கட்டுவார்கள். அதற்குக் கார்ட்டன் என்று பெயர். ஒவ்வொரு கார்ட்டன் மேலும் நம்பர் போட்ட சீட்டு ஒன்றை ஒட்ட வேண்டும். ஒரு நம்பர் ஒரு தடவைதான் வரலாம். ஒரே நம்பரில் இரண்டு கார்ட்டன் போனால், சரக்கு வாங்கும் வெளிநாட்டுக்காரன் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவான். அந்தச் சீட்டை அடிப்பது மேடத்தின் ப்ரோக்ராம். அவசரக்காரி யாராவது அதை இரண்டு தடவை, மூன்று தடவை தட்டினாலும் ஒரே ஜன்னல்தான் திறக்கும். அது எப்படி என்று கேட்டேன்.

"குடியாத்தம் பஸ்ல சீட்டு எப்படிப் புடிப்பீங்க ஆயா?"

"ஜன்னல் வழியா துண்டு போடுவேன். துண்டு இல்லாட்டி பேரனைத் தூக்கிப் போடுவேன்."

"அதேதான். முதல்ல திறக்கற ப்ரோக்ராம் துண்டு போட்டு உட்கார்ந்துடும். அடுத்தது வந்து பார்க்கும். துண்டு இருந்தா, தான் கொண்டாந்த சேதியை அதுகிட்ட குடுத்துட்டு இறங்கிப் போய்டும்."

"அடேங்கப்பா. அதுக்கும் நம்ம கதிதானா!"

அப்படி அடக்க ஒடுக்கமாக ஓடிக்கொண்டிருந்த ப்ரோக்ராமுக்கு ஒரு நாள் ஆபத்து வந்தது. சின்ன முதலாளி எல்லா கம்ப்யூட்டரையும் மாற்றிப் புதிதாக வாங்கிப் போட்டார். மேடம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மேடம், தலைவலியா?"

"லைப்ரரியை மாத்தணும் ஆயா."

"எது, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பெருசுங்க எல்லாம் பேப்பர் படிச்சிக்கினே தூங்குவாங்களே, அந்த லைப்ரரியா? அவங்களை எங்க மாத்துவீங்க, பாவம்."

அவர் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார். "நம்ம கம்பெனியில ஷூவுக்கு சோல் செய்றோமா?"

"எங்க செய்றோம்? அது வெளியே இருந்து மூட்டையா வருது. நாம மேல்பாகத்தைத் தெச்சு ஒட்டறோம்."

"ப்ரோக்ராமும் அப்படித்தான். மேல்பாகம் நான் எழுதறது. அடியில இருக்கறதை வேற ஒரு கம்பெனி ரெடியா செஞ்சு குடுக்குது. அதுக்குப் பேருதான் லைப்ரரி. இப்ப அந்தப் பழைய சோல் இனிமே வராது, புதுசுக்கு மாறிக்கோன்னு சொல்லிட்டாங்க."

"அளவு ஒண்ணுதானே? பிரிச்சு ஒட்டிட வேண்டியதுதானே?"

"அளவு ஒண்ணுதான். வளைவு வேற," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, யாரைப் பற்றியோ புறம் பேசுவது போல, "பழைய லைப்ரரி நல்ல கறார். ஒண்ணு ஓடுதுன்னா இன்னொண்ணை அதுவே உள்ள விடாது. புதுசு அப்படி இல்ல ஆயா. தாராளம். வர்றவங்க எல்லாம் வாங்கன்னு கதவைத் திறந்து விட்டுடுது. ஒண்ணு போதும்னா நாமளேதான் துண்டு போட்டுக்கணும்," என்றார்.

தாராளம் என்பதை அவர் ஏதோ கெட்ட வார்த்தை போலச் சொன்னார்.

மழைக்காலம் முழுக்க மேல்பாகத்தைப் பிரித்துப் புது சோலில் ஒட்டினார். முடிந்த அன்று எல்லாரையும் பேக்கிங்குக்குக் கூப்பிட்டு, திரையில் இருந்த படத்தைப் படபடவென்று தட்டிக் காட்டினார். விறகு பிளக்கிற வேகம். ஒரே ஜன்னல். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் தட்டினார். அதே ஜன்னல்தான் முன்னால் வந்து நின்றது. "பார்த்துக்கோங்க," என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ரஃபீக் பாய் கை தட்டினார். கூட யாரும் தட்டவில்லை. ஏற்கனவே ஒருத்தர் தட்டுகிறாரே என்று விட்டுவிட்டோம்.

அதற்கப்புறம் போன முதல் சரக்கிலேயே வந்தது வினை.

சரக்கைச் சோதிக்க, வாங்குகிறவர்கள் பக்கத்திலிருந்து ஓர் ஆள் வருவார். கோட்டு போட்டுக்கொண்டு கார்ட்டன்களுக்கு நடுவே நடந்தவர் ஓரிடத்தில் நின்றார். இங்கே ஒரு கார்ட்டன், அங்கே ஒரு கார்ட்டன், இரண்டுக்கும் ஒரே நம்பர். தேடத் தேட ஜோடி ஜோடியாகக் கிளம்பின. கல்யாண மண்டபம் மாதிரி ஆகிவிட்டது குடோன். சரக்கை ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார். சீட்டு அடித்து ஒட்டியது யார்? என் மருமகள்.

"ஒரே சீட்டை ரெண்டு தரம் அடிச்சிட்டிருக்கா. கையில போனு, கண்ணுல தூக்கம்," என்றார் ஹெச்.ஆர். சார்.

அமுதாவுக்கு ஏற்கனவே இரண்டு மெமோ. ஒன்று லேட்டாக வந்ததற்கு. இன்னொன்று, பிரார்த்தனை நேரத்தில் சிரித்ததற்கு. அந்தச் சிரிப்பில் எனக்கும் பங்கு உண்டு, அது வேறு கதை. மூன்றாவது மெமோவில் கையெழுத்து விழுந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என் மகனுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் ஒரு நாள் வேலை இருந்தால் மறுநாள் இருக்காது. வீட்டில் அடுப்பு எரிவது இவள் வேலையால்தான்.

அவள் மேடத்தின் அறைக்கே போனாள். நான் டீயைச் சாக்கு வைத்துப் பின்னாலேயே போனேன்.

"மேடம், உங்க ப்ரோக்ராமு ரெண்டு ஜன்னல் காட்டுது. ரெண்டும் தனித்தனியா நம்பர் போடுது."

"காட்டாது."

"காட்டுது மேடம். நான் பார்த்தேன்."

"எல்லார் முன்னாடியும் தட்டிக் காட்டினேன் இல்ல? ஒண்ணுதானே வந்துச்சு?"

"உங்களுக்கு ஒண்ணு. எனக்கு ரெண்டு. ஆளைப் பார்த்துத்தான் திறக்குமோ இன்னாவோ," என்று சொல்லிவிட்டு அமுதா விடுவிடுவென்று போய்விட்டாள்.

அன்றைக்கு வீட்டில் மேடத்துக்கு விழுந்த வசவை இங்கே எழுத முடியாது. "ஒண்ணு ஓடுதாம், ஒண்ணு! திமிருதான் ஓடுது!" என்பது அதில் மிகவும் மரியாதையான பகுதி. வீட்டில் மருமகளுக்குத் தலையாட்டி, ஆபீசில் மேடத்துக்கு டீ கொடுத்து, என் கழுத்து சுளுக்கிக்கொண்டது.

ஆனால் மேடத்துக்கும் அந்தப் பேச்சு உள்ளே குத்தியிருக்க வேண்டும். மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே பேக்கிங்கில் அமுதாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு காலி அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நீ தினமும் செய்யறதைச் செய். எனக்காக ஒண்ணும் மாத்தாத."

அமுதா அவரைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் போட்டாள். படத்தைத் தட்டினாள். ஜன்னல் திறந்தது. ப்ளானிங்கிலிருந்து அன்றைய ஆர்டர் வந்து நின்றது. அதைத் தட்டினாள். முன்பெல்லாம் ஆர்டரைத் தட்டினால் திறந்திருக்கும் ஜன்னலே அதை வாங்கிக்கொண்டு முன்னால் வரும். இப்போது முதல் ஜன்னலை அப்படியே மறைத்துக்கொண்டு அச்சு அசலாக இன்னொன்று வந்து உட்கார்ந்தது. அமுதா திரையின் கீழ்ப்பட்டையைத் தட்டி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

மேடத்துக்கு தெருத்தெருவாகத் தேடிய பிள்ளை வீட்டிலேயே தூங்குவதைப் பார்த்த தாய் மாதிரி ஒரு முகம். அடிப்பதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாத முகம். அவர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மதியம் பொரியல் டப்பா திறக்கப்படவே இல்லை. அதன் பிறகு ஒரு குரல் வந்தது.

"ஆயா! ஆம்பூருக்கு இங்கிலீஷ்ல எத்தனை ஓ?"

"மேடம், நான் மூணாங்கிளாஸ். எனக்கு ஓன்னு அழத்தான் தெரியும்."

"எனக்கும் இப்ப அதுதான் வருது," என்று கதவைத் திறந்தார். "அந்தத் துண்டுக்கு ஒரு பேரு வெக்கணும் ஆயா. பேரை வெச்சுத்தான் அடுத்து வர்றது அடையாளம் கண்டுபிடிக்கும். ஊர்ப் பேரையே வெச்சேன். ஆர்டர் வழியா திறக்கற எடத்துக்கு, பழைய ப்ரோக்ராம் தலைப்புல இருந்ததை அப்படியே எடுத்து ஒட்டினேன். அது நம்ம கம்பெனி போர்டு எழுத்து. பெரிய முதலாளி காலத்துல இருந்து ரெண்டு ஓ. படத்தைத் தட்டித் திறக்கற எடத்துக்கு நானே டைப் அடிச்சேன். தினமும் ரயில்ல வந்து எறங்கறேன் இல்ல, கை ஸ்டேஷன் போர்டு மாதிரி அடிச்சிடுச்சு. அதுல ஓ கிடையாது, ஒரு யூ."

"ரெண்டும் ஆம்பூருதானே மேடம்?"

"நமக்கு. கம்ப்யூட்டருக்கு அது ரெண்டு ஊரு. ஒருத்தன் இந்த ஊர் சீட்டுல துண்டு போட்டிருக்கான். இன்னொருத்தன் வந்து அந்த ஊர் சீட்டைப் பார்க்கறான். காலி. உட்கார்ந்துட்டான்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. பேனா ஒன்று, ஃபேன் ஒன்று, ஆள் ஒன்று என்று இருந்த மனுஷி, இருக்கிற ஒரே ஊரை இரண்டாக எழுதிவிட்டார். சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம்தான் அமுதா கையெழுத்துப் போட வேண்டிய நேரம்.

"இதைச் சரி பண்ண எவ்ளோ நாளாகும் மேடம்?"

"பண்ணிட்டேன். ரெண்டு எழுத்துதானே," என்று சொல்லிக்கொண்டே கிளம்பிப் போய்விட்டார். எங்கே என்று சொல்லவில்லை.

ஹெச்.ஆர். சார் அறையில் அமுதா நின்றுகொண்டிருந்தாள். மேசையில் மெமோ, அதன் மேல் பேனா. நான் யாரும் கேட்காத டீயோடு உள்ளே போனேன். அமுதாவின் கன்னம் ஈரமாக இருந்தது, வாய் மட்டும் இறுக்கி மூடியிருந்தது. அவள் பேனாவைக் கையில் எடுக்கும் நேரத்தில் மேடம் வந்தார்.

"சார், ரெண்டா திறந்தது என் ப்ரோக்ராம். இந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணல."

ஹெச்.ஆர். சார் எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். அவர் கெட்டவர் இல்லை. எல்லாரையும் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் பேசினார்.

"மேடம், இதை வெளிய சொல்லாதீங்க. ப்ரோக்ராம்தான் தப்புன்னு தெரிஞ்சா சின்ன முதலாளி சென்னைக்காரனைக் கூட்டிக்கினு வந்துடுவாரு. உங்க ப்ரோக்ராமு போய்டும். அப்புறம் நீங்க எதுக்குன்னு கேட்பாரு. இவ ஒரு கையெழுத்து போட்டா சரக்கு வாங்கற பையர்கிட்ட காரணம் சொல்லியாச்சு, சரக்கு போயாச்சு. இவளுக்கு வேற கம்பெனியில நானே சொல்லி வேலை வாங்கித் தர்றேன்."

அமுதா நிமிர்ந்து மேடத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மேடம் அந்த மெமோவை எடுத்து மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்து முழுசாகப் படித்தார். கவனக்குறைவினால் ஒரே எண் இரண்டு பெட்டிகளில் வரக் காரணமாக இருந்தேன் என்று அதில் எழுதியிருந்ததாம்.

"வாசகம் எல்லாம் சரியா இருக்கு சார். பேருதான் தப்பு."

கழுத்தில் தொங்கிய பேனாவை எடுத்தார். அமுதாவின் பெயரை அடித்தார். தன் பெயரை எழுதினார், கையெழுத்துப் போட்டார்.

"மேடம், மேடம்! அது பேக்கிங் லேபருக்கான மெமோ. உங்களுக்கு ஸ்டாஃப் ஃபாரம் தனியா இருக்கு!"

"ஒரு தப்புக்கு எதுக்கு சார் ரெண்டு மெமோ? ஏற்கனவே ஒண்ணு ஓடுது இல்ல?"

ஹெச்.ஆர். சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சின்ன முதலாளிக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"நீங்க சொல்ல வேணாம். அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் இங்க வர்றேன்."

அமுதா ஒரு நன்றியும் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அத்தை, அந்த டீ யாருக்கு?" என்றாள். கொடுத்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் குடோனுக்குப் போனாள்.

அங்கே எல்லாப் பெண்களும் தரையில் உட்கார்ந்து ஜோடி நம்பர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தப்பான சீட்டை உரித்து, புது நம்பர் ஒட்டினால்தான் லாரி நகரும். கொஞ்ச நேரத்தில் மேடமும் வந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அமுதாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். ஸ்டாஃப் யாரும் அந்தத் தரையில் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை. எல்லாரும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள். அமுதா மட்டும் இரண்டு கார்ட்டன்களை அவர் முன்னால் இழுத்து வைத்தாள். இரண்டிலும் ஒரே நம்பர்.

"எதை உரிக்கறது மேடம்? எது ஒரிஜினலு?"

"முதல்ல வந்தது."

"எது முதல்ல வந்துச்சு?"

மேடம் இந்தக் கார்ட்டனைப் பார்த்தார். அந்தக் கார்ட்டனைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"தெரியல," என்றார்.

"நீங்களே தெரியலைன்னா எப்படி?"

"ரெண்டுமே முதல்ல வந்ததுதான் அமுதா. ரெண்டுமே தன்னைத் தவிர யாரும் இல்லன்னு நெனச்சிக்கினுதான் வந்திருக்கு."

சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தானே ஒரு தடவை கேட்டது போல அப்படியே இருந்தார். பிறகு சிரிப்பு வந்தது அவருக்கு. முதலில் மூக்கால், அப்புறம் வாயால், அப்புறம் தோள் குலுங்க, கண்ணாடிக்குள் தண்ணீர் வர. அமுதா அவரை முறைத்துப் பார்த்தாள். அவளுக்கும் உதடு கோணியது.

"சிரிச்சது போதும் மேடம். லாரி நிக்குது. எதையாவது ஒண்ணை உரிங்க."

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். வலது கையால் ஒன்றையும் இடது கையால் இன்னொன்றையும் பிடித்து, இரண்டையும் ஒரே நேரத்தில் உரித்தார்.